துரை கொடுத்த பேனாக்கூடு

எங்கள் வீட்டில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்ட ஒரு மழைக்காலம் உண்டு. புதுச்சேரியில் கொடி மாறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு ஒன்பது வயது. வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை, அம்மாவின் தம்பியான மாமா, பிறகு நான். எங்களை ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்க்க வைத்தது ஒரு பேனாக்கூடு.

அப்பா கடற்கரைப் பக்கத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். அவர் கையெழுத்து அச்சடித்தது போலிருக்கும். முதல் வரியின் சாய்வு கடைசி வரி வரைக்கும் மாறாது. அங்கிருந்த பிரெஞ்சுக்கார துரைக்கு அந்தக் கையெழுத்தின் மேல் ஒரு மோகம். தட்டச்சு இயந்திரம் பக்கத்திலேயே இருக்க, முக்கியமான கடிதங்களை அப்பாவைக் கொண்டுதான் படியெடுக்கச் சொல்வாராம். அவர் ஊரைவிட்டுப் போனபோது, கப்பலேறுவதற்கு முந்தின நாள், தன் மேசையிலிருந்த பேனாக்கூட்டை எடுத்து அப்பாவின் கையில் வைத்துவிட்டுப் போனார். அப்பா அதைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வாய்க்கால் பாலத்தைத் தாண்டி நடந்தே வீட்டுக்கு வந்தார். வழியில் ஒருத்தி, குழந்தைக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்ததாக அத்தை சொல்லுவாள். அத்தை சொல்வதில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா அதை "எத்துய்" என்பார். அது பிரெஞ்சு வார்த்தை. எங்களுக்கு அது பேனாக்கூடுதான். நாவல்பழ நிறத்தில் வழவழவென்ற தோல். பித்தளைக் கொக்கியை அழுத்தினால் மெல்லிய சத்தத்தோடு வாயைத் திறக்கும். உள்ளே முயல்காதுபோல் மெத்தென்ற வேறொரு தோல். அதில் தைத்த வளையங்களில் தங்க முள் வைத்த தடித்த கறுப்புப் பேனா ஒன்று, ஒல்லியான வெள்ளிப் பென்சில் ஒன்று, கடிதம் பிரிக்கும் சின்னக் கத்தி ஒன்று. மூடியின் மூலையில் துரையின் பெயரிலிருந்து இரண்டு எழுத்துகளைப் பொன்நிறத்தில் பதித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கைகழுவிக்கொண்டு வந்து அதைத் துடைப்பார். பேனாவை வெந்நீரில் அலசி, மையை ஒற்றுத்தாளில் உறிஞ்சவிட்டு, தோலுக்கு ஒரு சொட்டு ஆமணக்கெண்ணெய் தடவித் தேய்ப்பார். பக்கத்தில் உட்கார எனக்கு அனுமதி உண்டு. தொட அனுமதியில்லை.

சில மாதம் அதைத் தினமும் அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். எழுதுவதற்கு என்று சொல்ல முடியாது. மேசையின் வலது மூலையில் வைத்துக்கொள்ள என்றுதான் சொல்ல வேண்டும்.

மாமா அந்த வருஷம் ஆடியில் எங்களோடு தங்க வந்தார். அம்மா பிறந்த ஊர் கடலூர்ப் பக்கம். புதுச்சேரியை இந்தியாவோடு சேர்க்கச் சொல்லி, எல்லைக்கு அந்தப் பக்கத்தில் முகாம் போட்டிருந்தவர்களோடு மாமாவும் இருந்தவர். இப்போது எல்லையில் தடை ஏதுமில்லை என்பதால், எங்கள் ஊரிலேயே ஒரு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் சேர்ந்தார். துரையின் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவரும் துரையைப் போகச் சொல்லிக் கோஷம் போட்டவரும் ஒரே கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் சாப்பிட வேண்டியதாயிற்று. இரண்டு பேரும் அரசியல் பேசமாட்டார்கள். கத்தரிக்காய் நன்றாக இருக்கிறது என்பார் ஒருவர்; ஆமாம் என்பார் மற்றவர்.

மாமாவுக்கு அந்தப் பேனாவின் மேல் ஆசை இருந்தது என்பதை மறைக்க அவர் முயன்றதேயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு வரி எழுதிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். ஒரு முள் ஒரு கைக்குத்தான் பழகும், வேறு கை பட்டால் கெட்டுப்போகும் என்று அப்பா சொல்லிவிட்டார். மாமா சிரித்துக்கொண்டே எழுந்து போனார். அத்தை அந்தச் சிரிப்பைக் கவனித்து வைத்துக்கொண்டாள்.

அந்த நாளில் ஊரே அப்படித்தான் இருந்தது. யார் யார் துரைமார்களோடு ஒட்டியிருந்தார்கள், யாருக்கு என்ன கிடைத்தது, யார் இரண்டு பக்கமும் கால் வைத்திருந்தார்கள் என்று கடைவாசலில் பேசிக்கொள்வார்கள். நாங்கள் போனால் பேச்சு நின்றுவிடும். அப்பாவின் அலுவலகத்துக்கு மதராஸ் பக்கத்திலிருந்து ஒரு புதிய அதிகாரி வந்திருந்தார். பழையவர்கள் போகிற அவசரத்தில் அரசாங்கச் சாமான்கள் பல காணாமல் போய்விட்டதாக அவர் கண்டுபிடித்தார். சுவர்க் கடிகாரம், மேசை விளக்கு, பிரம்பு நாற்காலி. அப்பாவோடு வேலை செய்த ஒருவர் வீட்டுக்கே ஆள் போய், ஒரு நாற்காலியைத் தெருவே பார்க்க ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். அந்த நாற்காலியும் துரை கொடுத்ததுதான் என்று அவர் அழாத குறையாகச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை.

அப்பா இதைச் சாப்பிடும்போது சொன்னார். மாமா கையிலிருந்த சோற்று உருண்டையோடு நிமிர்ந்தார்.

"உங்க பேனாக்கூட்டுலயும் துரையோட பேரெழுத்து இருக்குதே. அவரு குடுத்ததுன்னு சொன்னா நம்புவாங்களா?"

அவர் கவலைப்பட்டுத்தான் கேட்டார். அப்பா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கைகழுவப் போனார்.

மறுநாளிலிருந்து பேனாக்கூடு அலுவலகத்துக்குப் போகவில்லை. கூடத்துச் சுவர் அலமாரியில் இருந்தது. அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாமா உன்னிடம் என்னென்ன கேட்கிறார், தெருமுனையில் யாரோடு நின்று பேசுகிறார் என்றெல்லாம் விசாரிக்க ஆரம்பித்தார். எனக்கு முதல் தடவையாக வீட்டில் ஒரு வேலை கிடைத்த பெருமை. மாமா பட்டாணி வாங்கிக் கொடுத்ததையும், கதர்ச் சட்டை போட்ட ஒருவரோடு சோடா குடித்ததையும் வந்து சொன்னேன். சோடா என்றதும் அப்பாவின் நெற்றி சுருங்கியது.

பிறகொரு நாள் அந்த அதிகாரி அப்பாவை அறைக்குள் கூப்பிட்டு, உங்களிடம் மிக நல்ல பேனா ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேனே என்றாராம். இது எனக்கு எத்தனையோ வருஷம் கழித்துத் தெரிந்தது. யார் சொல்லியிருப்பார்கள் என்று அப்பா யோசித்திருக்கிறார். மாதக்கணக்கில் அதை மேசையில் பரப்பி வைத்து அலுவலகம் முழுவதற்கும் காட்டியது தான்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. வீட்டுக்குள்ளிருந்துதான் பேச்சு போயிருக்கிறது என்று முடிவு செய்தார்.

ஐப்பசியின் முதல் பெருமழை அடித்த மறுநாள் காலை, அப்பா அலமாரிக்கு முன்னால் நின்று, "பேனாக்கூட்டக் காணோம்" என்றார்.

குடையைக் காணோம் என்பதுபோல் சொன்னார். ஒரு சத்தமில்லை. அம்மாதான் பதறினாள். பாய்களை உதறினாள், அரிசிப் பானைக்குள்கூடக் கைவிட்டுத் துழாவினாள். அத்தை தேடவில்லை. தூணில் சாய்ந்து உட்கார்ந்து, முதலில் பால்காரரையும் பிறகு வாசல் தெளிக்கிறவளையும் சந்தேகப்பட்டாள். அவர்கள் இருவரும் கூடத்துக்குள் வந்ததேயில்லை என்று அம்மா சொன்னதும், "அப்ப உள்ள இருக்கறவங்கதான்" என்றாள். எங்கள் நாலு பேரின் முகத்தையும் அவள் கண் சுற்றி வந்தது. மாமாவின் முகத்தில் நின்றது.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் நடக்கும் விதமே மாறிவிட்டது. மாமா குளிக்கப் போனால் அத்தை அவர் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்காருவாள். மாமா வந்தால் எதையோ தேடுவதுபோல் எழுந்துவிடுவாள். அதே வாரத்தில் மாமா தன் சட்டைப்பையில் ஒரு புதுப் பேனா செருகிக்கொண்டு வந்தார். பச்சை நிறத்தில், பெரிய கடை மார்க்கெட்டில் குவித்து வைத்து விற்கும் சாதாரணப் பேனா. அப்பாவுடையதைக் கேட்டுக் கிடைக்காததால் தனக்கென்று ஒன்று வாங்கியிருந்தார். அத்தை அடுப்படிக்கு வந்து அம்மாவின் காதுபடவே, எதைக் கொடுத்து எதை வாங்கினானோ என்றாள். அம்மா புளியைக் கரைத்துக்கொண்டே இருந்தாள். சக்கையெல்லாம் போன பிறகும் கரைத்துக்கொண்டே இருந்தாள்.

எனக்கும் ஒரு யோசனை தோன்றியது. அந்தத் தோலுக்கு ஒரு தனி வாசனை உண்டு. அதைத் திருடியவன் கையில் அந்த வாசனை இருந்தே தீரும். ஆகவே மாமா வேலையிலிருந்து வந்ததும் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வதுபோல் முகர்ந்து பார்ப்பேன். அச்சுமை வாசனை வரும். சில நாள் சோப்பு. நான் அப்படிப் பிடித்துக்கொள்வதை மாமா பாசம் என்று நினைத்தார் போலிருக்கிறது; நான் விடும்வரை கையை இழுத்துக்கொள்ளாமல் நிற்பார். அந்த வீட்டில் அப்போது அவர் பக்கத்தில் வந்து நின்றவள் நான் ஒருத்திதான்.

அலுவலகத்தில் அப்பா அந்த அதிகாரியிடம் பேனாக்கூடு திருட்டுப் போய்விட்டதாகச் சொன்னார். போலீசில் எழுதிக் கொடுக்கலாமே என்று அவர் கேட்டதற்கு, வீட்டு விஷயம், உறவுக்காரர்கள், வேண்டாம் என்றிருக்கிறார். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அதிகாரி அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் வார்த்தை அங்கேயே நிற்கவில்லை. அலுவலகத்தில் ஒருவருக்கு அச்சக முதலாளி தூரத்து உறவு. கார்த்திகை பிறக்கும் முன்னால், வேலை குறைந்துவிட்டது, இனி வர வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டார்கள். ஏன் என்று மாமா கேட்டபோது முதலாளி, உன் அக்கா வீட்டுக்காரரையே கேள் என்றாராம்.

மாமா மழையில் நனைந்தபடி வந்தார். அப்பா கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படி வாசலில். அத்தை தூணடியில். மாமா தலையைக்கூடத் துவட்டவில்லை.

"நான் எடுத்திருப்பேன்னு நீங்க நெனைக்கிறீங்களா?"

அப்பா தாளை மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை என்று பிரித்து மறுபடி மடித்தார்.

"நான் யாரையும் சொல்லலியே, தம்பி."

"இல்லன்னும் சொல்லலியே."

மாமா தன் தகரப் பெட்டியைக் கூடத்தின் நடுவே இழுத்து வந்து திறந்தார். வேட்டிகள், இரண்டு சட்டை, ஒரு சீப்பு, அச்சகத்திலிருந்து கொண்டுவந்த கழிவுத் தாள்கள். ஒவ்வொன்றையும் எடுத்து உதறி அத்தைக்கு எதிரில் வைத்தார். பெட்டி காலியானதும் அதைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினார். பிறகு எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினார். அவருக்குத் துணி மடிக்க வராது. அம்மாதான் எப்போதும் மடித்துத் தருவாள். அன்றைக்கு அம்மா இரண்டடி முன்னால் வந்தாள், அப்பாவைப் பார்த்தாள், நின்றுவிட்டாள். பெட்டி சரியாக மூடவில்லை. ஒரு வேட்டியின் ஓரம் வெளியே தொங்க, அதைத் தூக்கிக்கொண்டு, "வர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டுக் கடலூர் பஸ்ஸுக்குப் போனார்.

அவர் போன பிறகு அத்தை, குற்றமில்லாதவன் எதற்கு ஓட வேண்டும் என்று கேட்டாள். எனக்கும் அது சரியான கேள்வியாகப் பட்டது.

மழை விட்டுவிட்டுப் பெய்தது. சுவரெல்லாம் ஓதம். தோல் என்று வீட்டில் இருந்த எதையும் பூஞ்சை விடவில்லை; என் பள்ளிப் பை சாம்பல் பூத்த மாதிரி ஆயிற்று. மார்கழித் தொடக்கத்தில் அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. இரண்டு கம்பளி போர்த்தியும் உடம்பு தூக்கிப் போட்டது. அம்மா ஈரத்துணியால் துடைப்பதற்காக, அவர் அரைஞாணில் எப்போதும் தொங்கும் பீரோ சாவியை அவிழ்த்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்த பீரோவில் அப்பாவின் நல்ல உடுப்புகள் இருந்தன. அவரைத் தவிர யாரும் அதைத் திறப்பதில்லை.

ஒரு நாள் காலை வெயில் வந்தது. தெருவில் எல்லோரும் பாய், தலையணை என்று மாடிக்கு ஏற்றினார்கள். அம்மாவும், அந்த உடுப்பெல்லாம் நாறிப்போயிருக்குமே என்று பீரோவைத் திறந்தாள். அப்பா துரைமார் விருந்துகளுக்குப் போட்டுக்கொண்டு போகும் கறுப்புக் கோட்டை அவளும், பூட்சையும் இடுப்புப் பட்டையையும் நானுமாக மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம். பூட்சின் மேல் பச்சையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. பட்டையிலும் அப்படியே. அம்மா கோட்டைக் கொடியில் போட்டபோது அதன் ஒரு பக்கம் கனத்துச் சரிந்தது. உள்பையில் கைவிட்டாள். பேனாக்கூடு வந்தது.

நான் குதித்தேன். அம்மா என்னைக் கவனிக்கவில்லை. வெயிலில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் மேல் ஒரு பொட்டுப் பூஞ்சையில்லை. நாவல்பழம்போல் பளபளத்தது. விரலால் தடவி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். புது ஆமணக்கெண்ணெய். அந்த ஈரத்திலும் யாரோ வாரம் தவறாமல் அதைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். சாவி ஒன்றுதான், அது யார் இடுப்பில் இருந்தது என்பது அம்மாவுக்குத் தெரியும். அவள் முகத்தில் கோபம் வரவில்லை. வெயில் கண்ணில் படுவதுபோல் முகத்தைச் சுளித்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அதை விற்கவோ கடலில் எறியவோ அப்பாவுக்கு மனம் வரவில்லை என்பதை நினைத்தாளோ, அந்தக் கூடத்தில் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டிய தம்பியை நினைத்தாளோ, எனக்குத் தெரியாது.

"அத்தகிட்ட இப்ப சொல்லாத" என்று மட்டும் சொன்னாள்.

கோட்டைச் சாயங்காலம் வரை காயவிட்டு மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினாள். பேனாக்கூட்டை வைக்கவில்லை. அப்பா கண் விழித்து, முதல் கேள்வியாகச் சாவி எங்கே என்று கேட்டார். அம்மா அதை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

மாமா திரும்ப எங்கள் வீட்டுக்குக் குடியிருக்க வரவில்லை. அம்மா இரண்டு முறை கடலூருக்குப் போனாள், தனியாக. மாமாவுக்கு நெய்வேலிப் பக்கம் வேறு ஏதோ வேலை கிடைத்தது. என் கல்யாணத்துக்கு வந்தார். பந்தலில் நின்று அட்சதை போட்டுவிட்டு, சாப்பிடாமல் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார். அந்த மதராஸ் அதிகாரி அடுத்த வருஷமே மாற்றலாகிப் போனார். அதன் பிறகு பேனாக்கூட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அப்பா அதை எடுத்து எழுதி நான் பார்க்கவுமில்லை. இந்தக் கதையை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. அத்தை இறந்த பிறகு அப்பாவின் அலுவலக நண்பர் ஒருவர் சொன்னது, அம்மா வாய்தவறி விட்ட ஒன்றிரண்டு வார்த்தை, இவற்றைக் கோத்துப் பார்த்துக்கொண்டதுதான்.

ஆனால் காய்ச்சல் விட்டு அப்பா முதன்முதலாகச் சோற்றுக்கு உட்கார்ந்த அந்த மத்தியானம் நான் அங்கேயே இருந்தேன். இளைத்துப் போயிருந்தார். அம்மா தண்ணீர்ச் செம்பை வைக்கும் இடத்தில் பேனாக்கூட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு சோறு போட்டாள்.

அத்தைதான் முதலில் பேசினாள். "எங்கடி கெடச்சுது?"

இவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்த என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"அப்பாவோட கறுப்புக் கோட்டுல இருந்துச்சி. மாமா பயந்து போயி, போறதுக்கு முன்னால வச்சிட்டுப் போயிட்டாரு."

துப்புத் துலக்கியவளுக்குரிய பெருமையோடு சொன்னேன். அத்தை, அதுதான் சங்கதி என்பதுபோல் தலையை ஆட்டினாள். பூட்டின பீரோவை மாமா எப்படித் திறந்தார் என்று அவளும் கேட்கவில்லை. அப்பா இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சோற்றில் குழி செய்தார்.

"ரசம் ஊத்து" என்றார்.

அம்மா ஊற்றவில்லை. கரண்டியை ரசத்தோடு தூக்கிப் பிடித்தபடி, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆவி அடங்கும் வரைக்கும் நின்றாள். அப்பா குழியைச் சரிசெய்துகொண்டே இருந்தார். போட்ட சோறு போதுமா, இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று அவர் சொல்வதற்காகத்தான் அம்மா காத்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

"அப்பாவுக்குப் போதும்மா" என்றேன். "எனக்கு ஊத்து."